மொசாம்பிக் துவரையும் நம் ஊர்த் தராசும்



2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், வழக்கம்போல் கள்ளக்குறிச்சிக்குச் சரக்கு எடுக்க வந்திருந்தார். துவரம் பருப்பின் விலையைக் கேட்டதும் சிட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"மொதலாளி, போன மாசம் சொன்ன வெலை என்ன, இப்ப சொல்ற வெலை என்ன? மேல இருக்கிற சனங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

"மொசாம்பிக்குல கப்பல் கெளம்பலையாம் தம்பி" என்றேன்.

"அது எந்தப் பக்கம், குஜராத்துக்கு அந்தாண்டயா?"

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவன் நான். நாற்பது வருடத்துக்கு மேல் பருப்பு மூட்டைகளுக்கு நடுவிலேயே காலம் தள்ளியும், 2016 வரை மொசாம்பிக் என்ற நாடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. துவரை என்றால் குல்பர்கா, லாத்தூர், அகோலா. உடைப்பு என்றால் விருதுநகர். அதற்கு மேல் போனால் பர்மா. நம் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் இன்று மலைமேல் ஒரு வீட்டில் சாம்பார் கொதிப்பதற்கும், இந்தியப் பெருங்கடலுக்கு அந்தக் கரையில் ஒரு விவசாயி தன் கால் ஏக்கர், அரை ஏக்கரில் துவரை விதைப்பதற்கும் நேரான தொடர்பு உண்டு. இரண்டையும் இணைப்பது இரு அரசுகளின் உறவு. அந்த உறவு எப்படி வந்தது, எங்கே கெட்டது, அதில் சில்லறை வியாபாரியும் மொத்த வியாபாரியும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். இதில் என் பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

வியாபாரத்தில் பிறந்த உறவு

ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில், மடகாஸ்கர் தீவுக்கு எதிரே நீளமாகக் கிடக்கும் நாடு மொசாம்பிக். தலைநகர் மபுட்டோ. கடற்கரை மட்டும் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். மபுட்டோ, பெய்ரா, நகாலா ஆகியவை முக்கியத் துறைமுகங்கள். ஆட்சிமொழி போர்த்துகீசியம். நாணயத்தின் பெயர் மெட்டிகல்.

வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வருமுன் இந்தக் கரையைத் தொட்டுத்தான் வந்தார். அப்போதே அங்கே அரபு வணிகர்களின் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. இந்தியத் துணி அந்தக் கரைக்குப் புதியதல்ல. பிறகு போர்த்துகீசியர்கள் அந்த நாட்டையும் கோவாவையும் ஒரே நூலில் கோத்தார்கள். 1752 வரை மொசாம்பிக்கை ஆண்ட அதிகாரம் கோவாவில்தான் இருந்தது. நம் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடம் வந்த பிரான்சிஸ் சவேரியார்கூட, 1541-42-இல் மொசாம்பிக் தீவில் பல மாதம் தங்கி, காற்று திரும்பிய பிறகே கோவா வந்து சேர்ந்தார்.

வணிகர்களாகிய நமக்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. 1686-இல் டையூ தீவைச் சேர்ந்த வாணியர்கள் ஒரு வணிகக் குழுவாகச் சேர்ந்து, டையூவுக்கும் மொசாம்பிக்குக்கும் இடையே நடக்கும் வியாபாரத்துக்குத் தனி உரிமை பெற்றார்கள். துணி போயிற்று, யானைத் தந்தம் வந்தது. அங்கே உள்நாட்டில் கடை பரப்பிக் கடன் கொடுத்துச் சரக்கு வாங்கியவர்களில் குஜராத்திகள் ஏராளம். இன்றும் அந்த நாட்டு நகரங்களின் கடைவீதிகளில் இந்திய வம்சாவளியினர் இருக்கிறார்கள். அங்குள்ள பெண்கள் இடுப்பில் சுற்றும் 'கப்புலானா' என்ற அச்சுத் துணியில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து போவதுதான்.

உறவு எப்போதும் இனிப்பாகவே இருந்துவிடவில்லை. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவை மீட்டது. அந்தக் கோபத்தைப் போர்த்துகீசிய அரசு மொசாம்பிக்கில் கடை வைத்திருந்த இந்தியர்கள் மேல் காட்டியது. அவர்களை முகாம்களில் அடைத்தது. பிறகு பலரை நாட்டை விட்டே வெளியேற்றியது. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த கடையும் இருப்பும் பாக்கியும் ஒரு நாளில் போயின. அரசுகள் மோதிக்கொண்டால் முதல் அடி யார் தலையில் விழும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

1975 ஜூன் 25-இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. அந்த ஆண்டே இந்தியா மபுட்டோவில் தூதரகம் திறந்தது. 1982-இல் பிரதமர் இந்திரா காந்தி அங்கே சென்றுவந்தார். பிறகு உள்நாட்டுப் போர் 1992 வரை அந்த நாட்டைப் பாழாக்கியது. 1995-இல் அது காமன்வெல்த் அமைப்பில் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியோடு சம்பந்தமே இல்லாத நாடு ஒன்று அதில் சேர்ந்தது அதுவே முதல்முறை. 2019 மார்ச்சில் 'இடாய்' புயல் பெய்ரா நகரை அடித்து நொறுக்கியபோது, முதலில் போய் உதவி செய்தவற்றுள் நம் கடற்படையின் சுஜாதா, ஷர்துல், கடலோரக் காவல்படையின் சாரதி ஆகிய மூன்று கப்பல்களும் உண்டு. 2023 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அங்கே சென்றபோது, இந்தியாவில் செய்த ரயிலிலேயே மபுட்டோவிலிருந்து மச்சாவா வரை பயணம் செய்தார்.

நிலக்கரியும் எரிவாயுவும் பெரிய முதலாளிகளின் கணக்கு. டெட்டே மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் இந்திய நிறுவனங்கள் இருக்கின்றன. ரொவுமா எரிவாயுத் திட்டத்தில் நம் நாட்டின் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்குச் சேர்ந்து 30 சதவீதப் பங்கு உண்டு. 2021 மார்ச்சில் பால்மா நகரைத் தீவிரவாதிகள் தாக்கியதால் அந்தப் பணி ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிற்று. இவை பத்திரிகையில் படிக்க வேண்டியவை. நம் கடைக்கு நேரே வருவது முந்திரியும் துவரையும்.

பண்ருட்டியில் உடையும் ஆப்பிரிக்க முந்திரி

பக்கத்துப் பண்ருட்டியில் உடைபடும் முந்திரிக் கொட்டை எல்லாம் கடலூர் மாவட்டத்து மண்ணில் விளைந்தது என்று நினைத்தால் தவறு. உள்ளூர் விளைச்சல் உடைப்பாலைகளுக்குப் போதாது. ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகப் பச்சைக் கொட்டை வருகிறது. அதில் மொசாம்பிக்குக்கும் பங்கு உண்டு.

முந்திரி மரத்தை பிரேசிலிலிருந்து கொண்டுவந்து கோவாவிலும் மொசாம்பிக்கிலும் நட்டவர்கள் அதே போர்த்துகீசியர்கள்தான். ஒரு காலத்தில் உலகிலேயே அதிகம் முந்திரி விளைந்தது மொசாம்பிக்கில். அங்கேயே உடைப்புத் தொழிற்சாலைகளும் இருந்தன. போரில் மரங்களும் தொழிலும் நலிந்தன. 1990-களின் நடுவில் உலக வங்கி கடன் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டது: பச்சைக் கொட்டை ஏற்றுமதியைத் தடுக்கக்கூடாது, ஏற்றுமதி வரியைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர்கள் வாதம். நடந்தது என்ன? கொட்டை கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. அங்கே ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர், பெண்கள் ஏராளம். விவசாயிக்குக் கிடைத்த கூடுதல் காசோ சொற்பம். பிறகு அந்த நாடு மறுபடியும் ஏற்றுமதி வரியை உயர்த்தித் தன் ஆலைகளைக் காக்க முயன்றது.

நம் பக்கத்து ஊரில் முந்திரி உடைக்கும் பெண்ணுக்குக் கிடைத்த கூலி, அங்கே ஒரு பெண்ணின் கையிலிருந்து போன கூலி. இதற்காக நாம் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டும் என்று சொல்ல வரவில்லை. வியாபாரத்தில் இப்படி நடப்பதுதான். ஆனால் தராசின் இரண்டு தட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

துவரை ஒப்பந்தம் வந்த கதை

இனி துவரைக்கு வருவோம். துவரையின் தாயகம் நம் இந்தியா. பழங்காலத்திலேயே கடல் கடந்து ஆப்பிரிக்கா போய்விட்டது. மொசாம்பிக்கில் நம்புலா, ஜாம்பேசியா ஆகிய மாநிலங்களில் சிறு விவசாயிகள் மக்காச்சோளத்தோடு கலந்து போடுகிறார்கள். அவர்கள் வீட்டில் சமைப்பது குறைவு, பெரும்பகுதி விற்பனைக்கே. விற்கும் இடமோ உலகத்தில் ஒன்றே ஒன்று என்று சொல்லலாம், அது இந்தியா. ஒரே ஒரு கடைக்குப் பால் ஊற்றுகிறவனின் நிலைமை அது. அந்தக் கடைக்காரர் நாளைக்கு வேண்டாம் என்றால் பாலைக் கீழே கொட்ட வேண்டியதுதான்.

2015-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. 2015-16-இல் நம் நாட்டுத் துவரை விளைச்சல் சுமார் 25.6 லட்சம் டன்னாகக் குறைந்தது. 2015 அக்டோபரில் சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. பதுக்கல் என்று ஊர் ஊராகச் சோதனை நடந்தது. நேர்மையாக வியாபாரம் செய்தவர்களும் கிடங்குச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம்.

இதற்கு நிரந்தர வழி தேடித்தான் 2016 ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் சென்றபோது பருப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு, அதாவது 2016-17-இல் ஒரு லட்சம் டன். வருடம் 25,000 டன் கூட்டி, 2020-21-இல் இரண்டு லட்சம் டன். நீ விளைவி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் அதன் சாரம். மிகவும் வளர்ச்சி குன்றிய நாடுகளுக்கு இந்தியா 2008-இல் அறிவித்த வரிச் சலுகையும் மொசாம்பிக்குக்கு உண்டு. எங்கே விளைந்தது என்பதற்கான சான்றிதழோடு வந்தால் சுங்க வரி கிடையாது. சரக்கு இறங்க அனுமதித்த துறைமுகங்களில் நம் தூத்துக்குடியும் சென்னையும் அடக்கம்.

2017: கதவு சாத்திய வருடம்

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அதே 2016-இல் நம் நாட்டில் நல்ல மழை. விலை ஏறியதைப் பார்த்த விவசாயிகள் எல்லோரும் துவரை போட்டார்கள். 2016-17 விளைச்சல் சுமார் 48.7 லட்சம் டன். ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு! அரசு ஊக்கத்தொகை உட்பட அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 5,050 ரூபாய். சந்தையில் அதற்கும் கீழே போயிற்று.

நம் விவசாயியைக் காப்பாற்ற மத்திய அரசு 2017 மார்ச்சில் துவரைக்கு 10 சதவீத இறக்குமதி வரி போட்டது. ஆகஸ்டில், ஒரு நிதியாண்டுக்கு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் துவரை இறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஒப்பந்தப்படி வர வேண்டிய அளவுக்கு விலக்கு இருந்தது உண்மை. ஆனால் 2015 விலையைப் பார்த்து மொசாம்பிக் விவசாயியும் ஒப்பந்த அளவைவிட அதிகமாக விதைத்திருந்தான். அவன் செடியிலிருந்து காய் பறிக்கிற ஆகஸ்டு மாதத்தில்தான் இங்கே கதவு சாத்தியது. அங்கே விலை முந்தைய வருடத்தில் பாதிக்கும் கீழே விழுந்தது. வாங்க ஆளில்லாமல் மூட்டைகள் கிடந்தன. நம்மை நம்பி விதைத்தவர்களுக்கு நம் ஊர் உத்தரவின் காரணத்தை யார் போய் விளக்குவது?

இந்திய அரசு செய்தது தவறு என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். தன் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடக்கும்போது ஊருக்குச் சோறு போட முடியாது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை உடனே கொடுக்க மாட்டோம். ஆறு வருடம் கழித்து வட்டியோடு கொடுப்போம்.

என் கணக்கிலும் ஒரு 2017 உண்டு

இங்கே என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு கிராமம். அங்கே மானாவாரியில் நிலக்கடலைக்கு ஊடே துவரை போடும் விவசாயி ஒருவர். அவர் வீட்டில் செம்மண் கட்டிக் காயவைத்து உடைக்கும் பருப்பின் ருசியே தனி. 2016 ஆடி விதைப்புக்கு முன் அவரிடம், "இந்த வருஷம் கூடவே போடுங்க. எவ்வளவு வந்தாலும் நான் எடுத்துக்கிறேன்" என்று சொன்னேன். எழுத்து இல்லை, முன்பணம் இல்லை. வாய்ச் சொல்தான். நம் தொழிலில் அதுதானே பத்திரம்.

2017 தை மாதம் மாட்டு வண்டியும் டிராக்டருமாகச் சரக்கு வந்தது. அதற்குள் சந்தை கவிழ்ந்துவிட்டது. என் கிடங்கிலோ முந்தைய வருடம் உச்ச விலைக்கு வாங்கிய பருப்பு தேங்கியிருந்தது. வங்கிக் கடன் கழுத்தைப் பிடித்தது. அவர் கொண்டுவந்ததில் நாலு மூட்டை மட்டும் அன்றைய விலைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை வேறு எங்காவது பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதானே மொதலாளி போட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாமல் கல்லாவில் குனிந்து நோட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

2023-இல் துவரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவரைத் தேடிப் போனேன். நிலம் முழுக்க மரவள்ளியும் மக்காச்சோளமும். மோர் கொடுத்து உபசரித்தார். "வீட்டுச் செலவுக்கு வரப்போரம் நாலு செடி இருக்குது மொதலாளி. விக்கிறதுக்குப் போடறதில்லை" என்றார். அந்த மோர் எனக்கு இறங்கவில்லை. மொசாம்பிக் விவசாயி என்ன நினைத்திருப்பான் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2023: அந்தப் பக்கம் கதவு சாத்தியது

நம் நாட்டில் 2017-18-க்குப் பிறகு துவரை விளைச்சல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 2021 மே மாதத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்த வருடமே மொசாம்பிக் ஒப்பந்தத்தை 2025-26 வரை, ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று நீட்டித்தார்கள். மலாவி நாட்டோடு 50,000 டன், பர்மாவோடு ஒரு லட்சம் டன் என்று துவரைக்குத் தனி ஒப்பந்தங்களும் போட்டார்கள். 2023 மார்ச்சில் எந்த நாட்டுத் துவரைக்கும் சுங்க வரி இல்லை என்றாயிற்று.

2022-23-இல் நம் விளைச்சல் 33 லட்சம் டன் அளவுதான். விலை ஏற ஆரம்பித்தது. 2023 ஜூன் 2-இல் மத்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு உச்சவரம்பு போட்டது. மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். செப்டம்பர் கடைசியில் மொத்த வியாபாரியின் அளவை 50 டன்னாகக் குறைத்தார்கள். நவம்பரில் மறுபடி 200 ஆக்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான், ஆப்பிரிக்கச் சரக்கு வந்து சேர வேண்டிய மாதங்களில், நகாலா துறைமுகத்தில் தடங்கல். அங்கே ஏற்றுமதி நிறுவனங்களுக்கிடையே வழக்கு, கோர்ட்டு உத்தரவு, காகிதம் கிடைக்கவில்லை என்று சரக்கு கிளம்பாமல் நின்றது. நம் அரசு தூதரகம் மூலம் பேச வேண்டியதாயிற்று. ஒப்பந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று அங்குள்ள சிலர் காத்திருக்கிறார்கள் என்ற பேச்சும் டெல்லியில் எழுந்தது. வெள்ளிமலைத் தம்பி என் கடையில் சிட்டையைக் கீழே வைத்தது அந்த நாட்களில்தான். 2017-இல் நாம் சாத்திய கதவு, 2023-இல் அவர்கள் கையில் இருந்தது.

2023 டிசம்பரில் வரியில்லாத இறக்குமதியை 2025 மார்ச் வரையிலும், பிறகு 2026 மார்ச் வரையிலும் நீட்டித்தார்கள். 2024-25-இல் துவரை இறக்குமதி 12 லட்சம் டன்னைத் தாண்டியது. 2024 அக்டோபர் தேர்தலுக்குப் பின் மொசாம்பிக்கில் கலவரம் மூண்டபோதும் ஆப்பிரிக்கச் சரக்கு வந்தது. பர்மா சரக்கும் கைகொடுத்தது. விலை இறங்கிற்று. இப்போது நம் அரசு பருப்பில் தன்னிறைவு என்று 2025 அக்டோபரில் 11,440 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியிருக்கிறது. பதிவு செய்த விவசாயிகளின் துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு முழுவதையும் நான்கு ஆண்டு ஆதரவு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்ல காரியம். சொன்ன சொல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நம் விவசாயியிடம் சொன்ன சொல்லும் நிற்க வேண்டும். கடலுக்கு அப்பால் சொன்னதும் நிற்க வேண்டும். ஒரு வருடம் நன்றாக விளைந்துவிட்டது என்று அங்கே பழைய உறவை முறித்தால், மழை பொய்க்கும் அடுத்த வருடம் நம் வாடிக்கையாளர்தான் விலை கொடுப்பார்.

ரேஷன் கடையைப் பார்த்தாலும் இதே பாடம். தமிழ்நாட்டில் 2007 முதல் நடக்கும் சிறப்பு வினியோகத் திட்டத்தில் துவரை கிடைக்காத மாதங்களில் கனடா மஞ்சள் பருப்பு கொடுத்திருக்கிறார்கள். பாமாயில் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் கனடாவோடு தூதரகச் சச்சரவு வந்தபோது மைசூர்ப் பருப்பு நின்றுவிடும் என்று சந்தையில் பதறினார்கள். நிற்கவில்லை. வதந்தியை நம்பி வாங்கிக் குவித்தவர்கள்தான் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

கடைக்காரர் செய்ய வேண்டியவை

முதலாவது, துவரையின் காலண்டரை மனப்பாடம் செய்யுங்கள். நம் நாட்டுப் புதுத் துவரை டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பர்மாவின் 'லெமன்' ரகம் அதையொட்டி வரும். ஆப்பிரிக்கச் சரக்கு, அதாவது அருஷா, மத்வாரா, கஜ்ரி என்று சந்தையில் பெயர் சொல்கிறார்களே அவை, ஆகஸ்டுக்குப் பின் துறைமுகத்துக்கு வர ஆரம்பிக்கும். ஆகவே ஆடியிலிருந்து புரட்டாசி வரை விலை துள்ளுகிறதா இறங்குகிறதா என்பதை ஆப்பிரிக்கச் செய்தி தீர்மானிக்கும்.

இரண்டாவது, பத்திரிகையில் ராசிபலன் படிக்கும் நேரத்தில் பாதியாவது வர்த்தகச் செய்திக்கு ஒதுக்குங்கள். வரி நீட்டிப்பு, இறக்குமதி உத்தரவு ஆகியவற்றின் முடிவுத் தேதி மார்ச் 31-ஐ ஒட்டியே பெரும்பாலும் வரும். அந்தத் தேதிக்கு முன் கடன் வாங்கிக் கொள்முதல் செய்யாதீர்கள்.

மூன்றாவது, உச்சவரம்பு வரும்போது பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 5 டன் என்பது 50 கிலோ சிப்பத்தில் நூறு சிப்பம். நம் சில்லறைக் கடைகள் பலவற்றில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் உத்தரவு வந்தால் இருப்புப் பதிவேடும் கொள்முதல் பில்லும் சரியாக இருக்க வேண்டும். மொத்த வியாபாரிகள் அரசின் இணையதளத்தில் இருப்பை உரிய காலத்தில் பதிவு செய்துவிட வேண்டும்.

நான்காவது, ரகத்தை மறைத்து விற்காதீர்கள். ஆப்பிரிக்கப் பருப்பு மட்டம் என்று அர்த்தமில்லை. நிறத்திலும் வேகும் நேரத்திலும் நாட்டுப் பருப்புக்கும் அதற்கும் வித்தியாசம் உண்டு. இது நாட்டுப் பருப்பு, இது வெளிநாட்டுத் துவரை என்று சொல்லி விலை வித்தியாசத்தோடு கொடுத்தால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். கலந்து கொடுத்து, குக்கரில் பாதி வேகாமல் போனால்தான் கோபித்துக்கொள்வார்.

ஐந்தாவது, விலை ஏறினால் காரணத்தைச் சொல்லுங்கள். "மேலேயே ஏத்திட்டாங்க" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். அந்தத் தீபாவளிக்கு வெள்ளிமலைத் தம்பியிடம் ஒரு பழைய பள்ளிக்கூட மேப்பை விரித்து, இது நாம், இது கடல், இது மொசாம்பிக் என்று காட்டினேன். அவர் அந்த மேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தம் கடைச் சுவரில் ஒட்டிவிட்டார். அதைக் காட்டிச் சொன்ன பிறகு யாரும் சண்டை போடவில்லை என்று அடுத்த வாரம் வந்து சொன்னார்.

மரத்தில் இன்னொரு உறவு

முடிப்பதற்குமுன் ஒரு சின்னச் செய்தி. மொசாம்பிக்கின் வடக்கே மக்கொண்டே என்ற இனத்தவர் கருமரத்தில் சிற்பம் செதுக்குவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். ஒரே மரத்துண்டில் ஒரு குடும்பமே ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்பதுபோல் செதுக்குவார்கள். நம் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதி மரச்சிற்பிகளின் கைவேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் தெரியும். இரு ஊர்ச் சிற்பிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள ஒரு கண்காட்சி நடந்தால் நன்றாக இருக்கும். நம் சங்கமே அதற்கு முன்கை எடுக்கலாம். பருப்பும் முந்திரியும் மட்டும் வந்துபோகிற இடத்தில் ஆட்களும் வந்துபோனால், கதவைச் சாத்துவதற்கு முன் இரண்டு பக்கமும் ஒருமுறை யோசிப்பார்கள்.

நாடுகளின் உறவு பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொள்ளும் படத்தில் இல்லை. குறைந்த வருடத்தில் தேடிப் போய்க் கேட்பது யாருக்கும் முடியும். மிகுந்த வருடத்தில், நமக்கே சரக்குத் தேங்கி நிற்கும்போது, சொன்ன அளவில் கொஞ்சமாவது எடுத்துக்கொள்வதுதான் உறவு. இது டெல்லிக்கும் மபுட்டோவுக்கும் பொருந்தும். மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் பொருந்தும்.

போன வருடம் ஆடிக்கு முன் அந்த மலையடிவாரத்து விவசாயியிடம் மறுபடி போனேன். இந்த முறை வாய்ச் சொல் இல்லை. பத்து மூட்டைக்கு அச்சாரப் பணத்தை முன்கூட்டியே கையில் கொடுத்தேன். அன்றைய சந்தை விலை அல்லது அரசு ஆதரவு விலை, எது அதிகமோ அது என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பணத்தை எண்ணாமல், தாளை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு, "அஞ்சு மூட்டைக்கு மட்டும் போடறேன் மொதலாளி. மீதிய அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

ஐந்து மூட்டையும் வந்தது. சொன்னபடி எடுத்துக்கொண்டேன். மீதி ஐந்துக்காகக் காத்திருக்கிறேன்.